விண்டோஸா லினக்ஸா, எது வேகம் என்று கேட்பதற்கு முன்

போன மாதம் மூதூரில் இருந்து மருமகன் வந்தான், தோளில் புத்தகப் பை, கையில் லெப்டொப். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறான். வந்ததும் வராததுமாக, "மாமா, இது செத்துக்கொண்டிருக்கு. லினக்ஸ் போட்டாப் பறக்குமாம், கூட்டாளி ஒருத்தன் சொன்னான். போட்டுத் தாங்க" என்றான். இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் டவுனில் ஒரு கடையில் கொடுத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றி வாங்கியிருக்கிறான். காசும் போயிருக்கிறது, இரண்டு வாரம் நன்றாக ஓடியிருக்கிறது, அப்புறம் பழைய கதைதான்.

நான் உடனே போட்டுக் கொடுக்கவில்லை. "எங்க சாகுது?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. திறக்கும்போதா, குரோமில் ஏழெட்டுப் பக்கம் திறந்த பிறகா, பெரிய ஃபைல் கொப்பி பண்ணும்போதா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? "எல்லா நேரமும்தான் மாமா" என்றான். சரி, இப்படி எல்லா நேரமும் என்று சொல்கிறவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் கணினி எல்லா நேரமும் ஒரே காரணத்துக்காகச் சுணங்குவதில்லை, எந்தக் காரணம் என்று தெரியாமல் விண்டோஸையும் லினக்ஸையும் தராசில் வைத்தால் கிடைக்கிற விடை யாருக்கும் உதவாது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒபரேட்டிங் சிஸ்டங்கள், அந்த ஒபரேட்டிங் சிஸ்டம் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று இருக்கும், நான் சுருக்கமாகச் சிஸ்டம் என்றே எழுதுகிறேன். திருகோணமலை பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர் இருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த பஸ் எப்போது எடுக்க வேண்டும், எது எங்கே நிற்க வேண்டும், யார் யாரை முந்தக் கூடாது என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை. பஸ்ஸை அவர் ஓட்டுவதில்லை. ஹபரணைப் பாதையில் ஏறிய பிறகு அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பது எஞ்சினையும் சாரதியையும் பொறுத்தது. சிஸ்டமும் அப்படித்தான். ஒரு புரோகிராம் கூட்டிக் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது அது நேராக பிராசஸரில் ஓடுகிறது, சிஸ்டம் நடுவில் நின்று ஒவ்வொரு கணக்கையும் தொட்டுப் பார்ப்பதில்லை. இடம் கேட்கும்போது, ஃபைல் கேட்கும்போது, நெட்வேர்க் கேட்கும்போது, முறை மாறும்போது மட்டும்தான் அது குறுக்கே வருகிறது.

இதனால்தான் வெறும் கணக்கு வேலையில் சிஸ்டங்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் உள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது, அதே லெப்டொப்பில் விண்டோஸில் ஒருமுறையும் லினக்ஸில் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள், இரண்டு எண்களும் பெரும்பாலும் கிட்டக் கிட்டத்தான் வரும். பிளெண்டர் போன்ற முப்பரிமாணப் படமாக்கும் மென்பொருளில் லினக்ஸ் கொஞ்சம் முந்துவதைப் பலர் அளந்து காட்டியிருக்கிறார்கள், ஆனால் அது நீங்கள் மேசையில் உட்கார்ந்து உணரக்கூடிய "பறக்கிற" வித்தியாசம் இல்லை. யாராவது ஒருவர் கீக்பெஞ்ச் என்ற வேகம் அளக்கும் மென்பொருளின் எண்ணைக் காட்டி இந்தச் சிஸ்டம்தான் வேகம் என்று சொன்னால், அந்த எண்ணில் பெரும்பகுதி பிராசஸருடையது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக்காப்பாளரை இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டாம், அவரிடம் இன்னொரு விசயம் இருக்கிறது. பஸ் நிரம்பும் வரை நிறுத்தி வைத்து அனுப்பினால் ஒரு நாளில் குறைந்த பஸ்ஸில் நிறையப் பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், ஆனால் முதலில் ஏறியவர் வெயிலில் வெந்துபோவார். நிரம்பாவிட்டாலும் நேரத்துக்கு எடுத்தால் ஏறியவருக்குச் சந்தோசம், மொத்தக் கணக்கில் கொஞ்சம் நட்டம். கணினியிலும் இந்த இரண்டு வேகமும் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு வேலை முடிந்தது என்பது ஒன்று, நான் பட்டனை அமர்த்தியதும் எவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது என்பது மற்றது. விண்டோஸே இதை இரண்டு விதமாக வைத்திருக்கிறது. நாம் வீட்டில் பாவிக்கிற விண்டோஸில் ஒரு புரோகிராமுக்கு ஒரு முறை கிடைக்கிற நேரத்துண்டு சுமார் 30 மில்லிவிநாடி, அதிலும் உங்கள் கண்முன்னே திறந்திருக்கும் ஜன்னலுக்குக் கொஞ்சம் சலுகை. விண்டோஸ் சர்வர் பதிப்பில் அந்தத் துண்டு அதைப்போல ஆறு மடங்கு, சலுகையும் கிடையாது. உள்ளே ஒரே வகைக் கரு (சிஸ்டத்தின் மையப் பகுதி, கேர்னல் என்பார்கள்), கொள்கைதான் வேறு.

லினக்ஸிலும் இந்த முறை வைக்கிற விதி மாறிக்கொண்டுதான் வருகிறது. 2007இல் வந்த ஒரு விதி, எல்லோருக்கும் சமபங்கு என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது, பல வருடம் இருந்தது. 2023இல் வந்த லினக்ஸ் 6.6 கருவில் அதை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள், சமபங்கோடு அவசரக்காரனுக்குச் சீக்கிரம் முறை கொடுப்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. ஆகவே லினக்ஸ் வேகம் என்று ஒருவர் சொன்னால் எந்த வருடத்து லினக்ஸ், எதற்கு வேகம் என்று கேட்பதில் தப்பில்லை. இன்னொன்றும் சொல்வார்கள்: உலகத்தின் முதல் 500 சூப்பர் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்று. உண்மைதான், 2017 நவம்பர்ப் பட்டியலில் இருந்து அந்த 500உம் லினக்ஸ்தான். ஆனால் அங்கே ஓடுவது வானிலைக் கணக்கும் அணுக் கணக்கும். மருமகனின் நான்கு ஜிபி லெப்டொப்பில் ஜூம் வகுப்பு எப்படி ஓடும் என்பதற்கு அது சாட்சி இல்லை.

இனி உண்மையான காத்திருப்புக்கு வருகிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தார்கள், 396 மீற்றர். அதற்கு முன் அந்தத் தண்ணீரைப் பாதையில்தான் கடந்தோம். வெளியூர்க்காரருக்குச் சொன்னால், பாதை என்பது எங்களூரில் வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. அது இந்தக் கரைக்கு வரும் வரை நிற்க வேண்டும், ஏற வேண்டும், அது நகர வேண்டும், இறங்க வேண்டும். நீங்கள் புது மோட்டார் சைக்கிளில் வந்தாலும் பழைய துருப்பிடித்த சைக்கிளில் வந்தாலும் கரையில் நிற்கிற நேரம் ஒன்றுதான்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் அந்தப் பாதை. லெப்டொப்புகளில் வருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும் டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி, வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதற்கு மேல் ஊசி நகர்கிற நேரம் வேறு. கூட்டிப் பார்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை விநாடிக்கு நூறு தடவைகூட எடுக்க முடியாது. டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் எழுதி வைக்கிற எஸ்எஸ்டியில் சுற்றவும் ஒன்றுமில்லை நகரவும் ஒன்றுமில்லை, பழைய சாட்டா இணைப்பில் குத்துகிற சாதாரண எஸ்எஸ்டிகூட விநாடிக்குப் பல பத்தாயிரம் தடவை எடுத்துத் தரும். கணினி திறக்கிறபோதும் குரோம் திறக்கிறபோதும் நடப்பது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைத் தேடி எடுப்பதுதான். அப்போது உள்ளே விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் இருவரும் கரையில்தான் நிற்கிறார்கள். லினக்ஸ் குறைவான துண்டுகளைக் கேட்கும், அதனால் கொஞ்சம் முன்னால் வந்துவிடும், அவ்வளவே.

ஒரே ஒரு நியாயம் டிஸ்க்குக்கும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய படம் போல ஒரே நீளமாக இருக்கும் ஃபைலை வாசிக்கும்போது அது அவ்வளவு மோசமில்லை, விநாடிக்கு நூறு எம்பி அளவுக்குக் கொடுக்கும். பாதையும் அப்படித்தானே, ஒருமுறை ஏற்றிவிட்டால் லொறியையே கொண்டுபோய் விடும்.

மருமகனின் லெப்டொப்பில் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமர்த்தினால் வரும். டிஸ்க் என்ற நிரலில் நூறு சதவீதம், பிராசஸர் பத்துப் பதினைந்தில் சும்மா இருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களுடையதும் இப்படி இருந்தால், சிஸ்டம் மாற்றுவதைப் பற்றி வாசிப்பதை இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஒரு எஸ்எஸ்டி விலை கேட்கப் போகலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்பதற்கு ரெம் போதாமையும் ஒரு காரணமாக இருக்கலாம், இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. ரெம் என்பது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். அது நிரம்பினால் சிஸ்டம் அதில் கொஞ்சத்தை எடுத்து டிஸ்க்கில் ஒதுக்கி வைத்திருக்கும் இடத்தில் போடும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். டிஸ்க் பாதையாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் கரையில் நிற்பு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் சொல்கிற ஆகக் குறைந்த ரெம் 4 ஜிபி. ஆகக் குறைந்தது என்றால் ஏறும், ஓடும் என்று மட்டும்தான் அர்த்தம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி. ஒன்றுமே திறக்காமல் சும்மா இருக்கும்போது விண்டோஸ் 2 ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்வது வழமை, மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான பதிப்பு ஒரு ஜிபிக்கு அக்கம்பக்கத்தில் நின்றுவிடும். 4 ஜிபி கணினியில் இந்த வித்தியாசம் பெரிது. லினக்ஸ் போட்டால் பறக்கும் என்று கூட்டாளிமார் சொல்வதில் உண்மை இருக்கிற இடம் இதுதான். 16 ஜிபி உள்ளவருக்கு இதே வித்தியாசம் ஒன்றுமேயில்லை, மிச்சம் இருக்கிற 14உம் மிச்சம் இருக்கிற 15உம் அவருக்கு ஒன்றுதான்.

ஆனால் குரோம் திறந்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கும் யூடியூப்பும் எந்தச் சிஸ்டத்தில் திறந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு ரெம்மைத்தான் விழுங்கும். லினக்ஸ் மிச்சம் பிடித்துத் தந்த அந்த ஒரு ஜிபி, நாலைந்து பக்கம் கூடத் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இதில் புதியவர்கள் வழுக்கி விழுகிற ஒரு இடம் இருக்கிறது. ரெம் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்த்து வேகத்தைத் தீர்மானிப்பார்கள். காலியாகக் கிடக்கும் ரெம்மால் யாருக்கும் லாபமில்லை. அதனால் விண்டோஸ், லினக்ஸ், மாக் மூன்றுமே மிச்சமிருக்கும் ரெம்மில் அண்மையில் வாசித்த ஃபைல்களைப் போட்டு வைத்துக்கொள்ளும், வேறு யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். லினக்ஸில் ஃப்ரீ என்ற கட்டளை கொடுத்தால் காலி என்று ஒரு நிரலும் கிடைக்கக்கூடியது என்று இன்னொரு நிரலும் காட்டும், பார்க்க வேண்டியது இரண்டாவதை. ரெம்மைக் காலியாக்குகிறேன் என்று சொல்லி வருகிற பூஸ்டர் மென்பொருள்கள் செய்வது, அடுக்களையில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்த உப்புப் போத்தலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பரணில் வைக்கிற வேலை. இடமிருக்கும், கறிக்கு உப்புப் போட ஏணி வேண்டும்.

ரெம்மைச் சுருக்கி அடுக்குவதும் நடக்கிறது. 2013இல் மாக்கில் வந்தது, 2015இல் விண்டோஸ் 10இல் வந்தது, லினக்ஸில் இசட்ரெம் என்று ஒன்று இருக்கிறது, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2020இல் இருந்து அதைத் தானாகவே போட்டுத் தருகிறது. டிஸ்க்குக்கு அனுப்புவதை விடச் சுருக்கி வைப்பது எவ்வளவோ மேல்.

திறக்கிற நேரத்தை வைத்துப் போட்டி நடத்துவதுதான் எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு, போனில் ஸ்டொப்வொட்சை வைத்துக்கொண்டு இரண்டு லெப்டொப்பையும் ஒரே நேரத்தில் அமர்த்துவார்கள். இதில் ஒரு கள்ள ஆட்டம் உண்டு. 2012இல் விண்டோஸ் 8 வந்ததில் இருந்து ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, தன் கருவின் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும், அடுத்த முறை அதை எடுத்துக்கொண்டு எழும்பும். உடுப்பைக் கழற்றாமல் படுத்தவன் காலையில் முதல் ஆளாக வாசலில் நிற்பது போல. லினக்ஸோ வழமையாக முழுதாக அணைந்து முழுதாக எழும்புகிறது. நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து அளக்க வேண்டும், அப்போதுதான் அது முழுமையாகத் திறக்கிறது. "ஷட் டவுன் பண்ணிப் போட்டும் பிரச்சினை போகல்ல, ரீஸ்டார்ட் பண்ணினதும் போயிட்டு" என்று பலர் சொல்வதன் இரகசியமும் இதுதான். ஒரே கணினியில் இரண்டு சிஸ்டமும் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுவது நல்லது, இல்லாவிட்டால் லினக்ஸில் இருந்து விண்டோஸ் பகுதியைத் திறக்கும்போது எழுத விடாது.

எப்போது ஸ்டொப்வொட்சை நிறுத்துவது என்பதும் கேள்விதான். டெஸ்க்டொப் படம் தெரிந்ததும் நிறுத்தினால் ஏமாறுவீர்கள், படம் வந்த பிறகும் பின்னால் பத்து விசயம் ஏறிக்கொண்டிருக்கும். பிரவுசரைத் திறந்து ஒரு பக்கம் முழுதாகத் தெரியும் வரை அளப்பதுதான் என் பழக்கம். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து சிஸ்டம்டி-அனலைஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்தப் பகுதிக்கு எத்தனை விநாடி போனது என்று பிரித்துச் சொல்லும், பக்கத்தில் பிளேம் என்று சேர்த்தால் தாமதித்தவர்களை வரிசையாக நிறுத்தும். பெயரே குற்றம் சாட்டுவதுதான், எனக்குப் பிடித்த கட்டளை. விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதியில் கடைசி பயோஸ் நேரம் என்று ஒன்று இருக்கும், அது சிஸ்டம் கையில் வருவதற்கு முன் போன நேரம், அதை விண்டோஸின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

லினக்ஸ் நிச்சயமாக முந்துகிற ஒரு துறையைச் சொல்லாமல் போனால் நானும் அநியாயக்காரன். நிறையச் சின்ன ஃபைல்களைத் திறந்து மூடுகிற வேலை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தினமும் நடப்பது, ஆயிரக்கணக்கான ஃபைல்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கேபி. விண்டோஸில் ஒவ்வொரு ஃபைல் திறக்கும்போதும் இடையில் பல அடுக்குகள் நின்று எட்டிப் பார்க்கின்றன, விண்டோஸின் வைரஸ் காவலாளி டிஃபெண்டரும் அதில் ஒருவர். ஒரு பெரிய ஃபைலுக்கு ஒரு சோதனை என்றால் தெரியாது, பத்தாயிரம் சின்ன ஃபைலுக்குப் பத்தாயிரம் சோதனை என்றால் தெரியும். இதை மைக்ரோசொஃப்ட்டே ஒரு விதத்தில் ஒப்புக்கொண்டது. விண்டோஸுக்குள் லினக்ஸ் புரோகிராம்களை ஓட்ட அவர்கள் முதலில் செய்த ஏற்பாடு லினக்ஸின் அழைப்புகளை விண்டோஸின் அழைப்புகளாக மாற்றிக் கொடுத்தது. 2019இல் அறிவித்த இரண்டாவது பதிப்பில் உண்மையான லினக்ஸ் கருவையே உள்ளே வைத்துவிட்டார்கள். சுருக்கிய பொதியைப் பிரிக்கும் வேலை முந்தியதை விட 20 மடங்கு வரை வேகம் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் வேர்டில் ஒரு கட்டுரையும் எக்செலில் ஒரு பட்டியலும் போடுகிறவருக்கு இந்த வெற்றியில் பங்கு கிடையாது.

விளையாட்டுகளில் கதை வேறு. பெரும்பாலான கேம்கள் விண்டோஸுக்கென்றே செய்யப்படுகின்றன. 2022இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியை லினக்ஸோடு விற்கத் தொடங்கிய பிறகு நிலைமை நன்றாக மாறியிருக்கிறது, பல கேம்கள் லினக்ஸில் சமமாக ஓடுகின்றன. ஆனால் ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும் மென்பொருள் உள்ள சில ஒன்லைன் கேம்கள் லினக்ஸில் திறக்கவே திறக்காது. திறக்காத கேமுக்கு வேகம் பூச்சியம், ஒப்பீடு முடிந்தது.

மாக் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான் இருக்கிறது. 2006இல் இருந்து வந்த இன்டெல் மாக்குகளில் பூட் காம்ப் என்ற அப்பிளின் ஏற்பாட்டின் மூலம் விண்டோஸும் போடலாம், ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்து அளக்கலாம். 2020 நவம்பரில் அப்பிள் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்ததோடு அது போயிற்று. இப்போது மாக் வேகம் என்று நீங்கள் உணர்வதில் எவ்வளவு சிப், எவ்வளவு சிஸ்டம், எவ்வளவு அந்த வேகமான எஸ்எஸ்டி என்று பிரித்துச் சொல்வது கடினம். மாக்கையும் பழைய விண்டோஸ் லெப்டொப்பையும் பக்கத்தில் வைத்துச் சிஸ்டம்தான் காரணம் என்று சொல்வது, புது வள்ளத்தையும் ஓட்டை வள்ளத்தையும் போட்டிக்கு விட்டு வலையைப் பாராட்டுவது.

இன்னொன்று, யாரும் எழுதுவதில்லை, எங்களூரில் இருந்து எழுதுவதால் நான் எழுத வேண்டும். சூடு. பிராசஸர் ஒரு எல்லைக்கு மேல் சூடானால் (இன்டெல் லெப்டொப் சிப்புகளில் பெரும்பாலும் நூறு பாகை செல்சியஸ்) தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். சிஸ்டத்தைக் கேட்டுக்கொண்டு குறைப்பதில்லை. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மத்தியானம் ஓடு போட்ட வீட்டுக்குள் லெப்டொப்பை மெத்தையில் வைத்துக்கொண்டு அளந்தால் வருகிற எண்ணும், விடியற்காலை மேசையில் வைத்து அளந்தால் வருகிற எண்ணும் ஒன்றாக இருக்காது. காலையில் லினக்ஸைச் சோதித்து மத்தியானம் விண்டோஸைச் சோதித்தால் நீங்கள் ஒப்பிட்டது கச்சான் காற்றை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோடு இருப்பவர்களுக்கு இன்னொரு வினையும் உண்டு. ஈரமான உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேனுக்குப் பின்னால் உள்ள தகட்டு இடுக்குகளில் களி போல அப்பிக்கொள்ளும், காற்று வெளியே போகாது. மருமகனின் லெப்டொப்பைத் திறந்தபோது ஃபேனின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளிபோல ஒரு பட்டை. அதைச் சுத்தம் பண்ணிப் பிராசஸரின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டை வழித்துப் புதியது தடவினேன்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் கணினியில் எது வேகம் என்று அளக்க ஆசை என்றால், செய்யுங்கள், ஆனால் ஒரே கணினியில், ஒரே டிஸ்க்கில், சார்ஜர் குத்திய நிலையில். பற்றரியில் ஓடும்போது இரண்டு சிஸ்டமும் வெவ்வேறு அளவுக்கு வேகத்தைக் குறைத்துச் சேமிக்கும். பென்டிரைவில் இருந்து லினக்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள், மெது பென்டிரைவுடையது. இதற்கு நேர்மாறான தவறுதான் அதிகம் நடப்பது: மூன்று வருடம் பாவித்து, முப்பது மென்பொருள் ஏற்றி, ஸ்டார்ட்டப்பில் பத்துப் பேர் குந்தியிருக்கும் விண்டோஸையும், நேற்றுப் போட்ட லினக்ஸையும் ஒப்பிடுவது. கடையில் புதிதாக விண்டோஸ் ஏற்றியதும் இரண்டு வாரம் நன்றாக ஓடியதே, அதே மாயம்தான் இது. அதற்காகப் புதிதாக ஏற்றிய அன்றைக்கே அளக்கவும் கூடாது, அப்டேட் இறங்கிக்கொண்டும் ஃபைல்களுக்கு அட்டவணை போட்டுக்கொண்டும் இருக்கும், ஒரு நாள் விடுங்கள். ஒவ்வொரு வேலையையும் மூன்று நாலு தடவை செய்யுங்கள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டாம் தடவை ஃபைல் ஏற்கனவே ரெம்மில் இருக்கிறது. முதல் தடவையை முதல் தடவையோடு ஒப்பிடுங்கள், இரண்டாவதை இரண்டாவதோடு. எந்த வேலையை அளப்பது என்றால், நீங்கள் தினமும் செய்கிற வேலையை. அதற்குப் பெரிய பெஞ்ச்மார்க் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

மருமகன் விசயத்துக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டோம், இன்னொரு 4 ஜிபி ரெம் சேர்த்தோம். முதலில் விண்டோஸ் 10ஐயே திரும்ப ஏற்றினேன், வேண்டுமென்றுதான். திறந்து குரோம் வரும் வரை அவன் போனில் அளந்தான், முன்னர் ஒரு பிளேன்டி ஊற்றிக் குடித்து முடிக்கலாம், இப்போது கேத்தலை அடுப்பில் வைக்கக்கூட நேரமில்லை. அடுத்த நாள் பக்கத்திலேயே மின்ட்டும் போட்டு அதே வேலைகளைச் செய்தான். செவன்-ஜிப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. திறப்பதில் மின்ட் கொஞ்சம் முன்னால். ஒரு யூடியூப் வீடியோவில் மட்டும் மின்ட்டில் ஃபேன் கூடுதலாகச் சுற்றியது, வீடியோவை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்காமல் பிராசஸரே செய்துகொண்டிருந்தது, பிரவுசரில் ஒரு அமைப்பை மாற்றியதும் அடங்கியது. "அப்ப விண்டோஸே போதும்தானே மாமா" என்றான்.

வேகத்தை மட்டும் பார்த்தால் போதும்தான். ஆனால் அவனுடையது ஆறாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் இன்டெல் சிப்புகளை ஏற்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லாத வீட்டில் பாஸ்வேர்ட்களை வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்று சொல்லி, இணையத்துக்குப் போகிற வேலை எல்லாம் மின்ட்டில் என்று முடிவு செய்தோம். ரியூசன் சேர் அனுப்புகிற பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் திறக்குமா என்பதுதான் அவனுடைய ஒரே கவலையாக இருந்தது, எழுத்துரு ஃபைலைப் போட்டதும் வேர்டுக்குப் பதிலாக லினக்ஸில் பாவிக்கிற லிப்ரே ஒஃபிஸில் திறந்தன, அங்கங்கே வரி உடைந்திருந்தது, வாசிக்கலாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எறிய மனம் வரவில்லை. வெளியில் இருந்து குத்துகிற ஒரு பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தேன். படங்களை அதில் வைத்திருக்கிறான், ஒரே நீளமாக வாசிக்கிற வேலைதானே, எந்தச் சிஸ்டத்தில் குத்தினாலும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதாம்.